குப்பைக் கோப்பை

9

ஜீன் டைசன் எங்களுக்குத் தேநீர் தரவில்லை. எங்கள் வட இங்கிலாந்துப் பக்கத்தில் வீட்டை ஜப்தி செய்ய வந்தவனுக்குக்கூட ஒரு கப் கிடைக்கும். அடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"பன்னண்டு மணிக்குச் சங்கத்துல கூட்டம்," என்றாள். "வில்ஃபை வெளியே தள்ளப் போறாங்க. அதுக்குள்ள அவன்தான் பண்ணான்னு நீங்க எனக்கு நிரூபிச்சுக் கொடுத்தாகணும்."

"யார் பண்ணாங்கன்னு கண்டுபிடிச்சுக் கொடுக்கறோம்," என்றார் என் பாஸ் நோரா மௌன்சி. "பேரை முன்னாலேயே எழுதி வெச்சிட்டுத் தேடற வேலைக்கு வேற ஆளுங்க இருக்காங்க."

"அவங்க ரேட்டும் கம்மி," என்றேன். பாஸ் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

என் பெயர் ஜாண்டி ரெல்ஃப். பாஸுக்கு வண்டி ஓட்டுவதும், கதவு தட்டுவதும், வாய்க்கொழுப்புக்கு அவ்வப்போது அடி வாங்குவதும் என் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மெட்டல் டிடெக்டரை வீசியபடி, அனுமதி வாங்கிய வயல்களில் பழங்காசு தேடி நடப்பேன். ஸ்கெல்பி டிடெக்டர் சங்கத்தில் பதினொரு வருட உறுப்பினன். அதனால் வில்ஃப் ஹடார்டை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பொத்தான் எடுத்தால்கூட நிலத்துக்காரரிடம் காட்டாமல் பையில் போடாத மனிதர். அவரைத் திருடன் என்று இந்த அம்மாள் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். வில்ஃப் இருபத்து மூன்று வருடமாக ஜீனுடைய பண்ணையில் தேடுகிறார், கீழ்மேய்ச்சல் என்ற நிலத்தைத் தவிர. கோமாரி நோய் வந்த வருடம் அரசாங்க ஆட்கள் ஜீனின் நானூற்றுப் பத்து ஆடுகளையும் சுட்டுக் கொன்று, அந்த மேய்ச்சலில்தான் எரித்தார்கள். அன்றைக்குப் பூட்டிய கேட் அது. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் மனம் இறங்கி, வில்ஃபுக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டாள். ஒரே நிபந்தனை: அங்கிருந்து ஒரு ஆணிகூடத் தன் கண்ணில் படாமல் வெளியே போகக்கூடாது.

அன்று மத்தியானம் வில்ஃபின் டிடெக்டர் கத்தியது. முட்டை வடிவத்தில், உள்ளங்கை அளவில் ஒரு வெண்கல ப்ரோச். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்து இங்கே குடியேறிய வைக்கிங் பெண்கள் தோளுக்கு ஒன்றாக, ஜோடியாக உடையில் குத்திக்கொள்ளும் நகை. அதற்குக் கீழே எலும்பு தெரிந்தது. வேறு எவனாக இருந்தாலும் அடுத்த தோளையும் தோண்டியிருப்பான். வில்ஃப் மண்ணைத் திரும்ப மூடிவிட்டு, மாவட்டத் தொல்லியல் அதிகாரிக்குப் போன் செய்தார். மறுநாள் ப்ரூ ஹாட்ஜ்சன் என்ற அந்த அதிகாரி வந்து பார்த்து, அந்த ப்ரோச்சை வாங்கிக்கொண்டு, எலும்பின் மேல் பலகை போட்டு, மண்ணும் புல்லும் மூடிவிட்டுப் போனாள். அடுத்த திங்கட்கிழமை ஆட்களோடு வந்து திறந்தபோது எலும்பெல்லாம் ஒரு ஓரமாகக் குவிந்து கிடந்தது. வலது தோள் எலும்பில் வெண்கலத்தின் பச்சைக் கறை இருந்தது. ஜோடியின் அந்த இரண்டாவது ப்ரோச் இல்லை.

"எடம் தெரிஞ்சவங்க மூணே பேரு," என்றாள் ஜீன். "நான், அந்த ஆபீசர் பொண்ணு, வில்ஃப். நான் இந்த வீட்டை விட்டு நகர்றதே புதன்கிழமை ஒரு நாள்தான், பென்ரித்துக்கு, ஆட்டு ஏலத்துக்கு. அது அவனுக்குத் தெரியும்."

வில்ஃப் என்ன சொன்னார் என்று பாஸ் கேட்டார். அவரைக் கேட்கவே இல்லையாம். கேட்க என்ன இருக்கிறது என்றாள்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. பாஸின் கால் இன்னும் என் கால்மேல்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வில்ஃப் என்ன காட்டினார் என்று பாஸ் பேச்சை மாற்றினார். ஜீன் ஜன்னலோரத்திலிருந்து ஒரு டாஃபி டப்பாவை எடுத்துத் திறந்தாள். துருப்பிடித்த ஆணிகள், பாதி லாடம், பீர் டின் வளையம் ஒன்று. அவற்றோடு கருகிய ஐந்து பித்தளைத் தகடுகள். ஆட்டின் காதில் அடிக்கும் அடையாளத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அவள் பண்ணையின் எண் இருந்தது.

"ரெண்டு பையையும் இதே மேசையில கவுத்துக் காட்டினான்," என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "இதெல்லாம் உன்னோடதுன்னு சொல்லி, தகட்டை எல்லாம் கழுவிக் கொடுத்துட்டுப் போனான்."

கழுவிக் கொடுத்தவனைத்தான் நீ திருடன் என்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க மட்டும்தான் எனக்கு அனுமதி இருந்தது.

கீழ்மேய்ச்சலில் ப்ரூ எங்களுக்காகக் காத்திருந்தாள். அவளும் கோபத்தில்தான் இருந்தாள். அது அழுது முடித்தவர்களின் கோபம். மண்டையோடு வயிற்றின் மேல் கிடந்தது, விலா எலும்பெல்லாம் விறகு மாதிரி அடுக்கியிருந்தது என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். ஆய்வு முடிந்ததும் அந்த வைக்கிங் பெண்ணை இதே இடத்தில் திரும்பப் புதைப்பதாக ஜீனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். இப்போது எந்த முகத்தோடு புதைப்பது என்று கேட்டாள்.

மேய்ச்சலில் அங்கங்கே, ப்ரூ கண்டுபிடித்த குழிகளுக்கு அடையாளமாக, சின்னச் சின்னக் கொடிகள் குத்தியிருந்தன. எண்ணினேன். பத்தொன்பது. வில்ஃப் தோண்டியவை போக, திருடன் கல்லறையைத் தவிர வேறு பத்தொன்பது இடத்திலும் தோண்டிப் பார்த்திருக்கிறான். கொடி இல்லாவிட்டால் ஒன்றுகூடக் கண்ணில் பட்டிருக்காது.

"என்ன பாக்கற?" என்றார் பாஸ்.

"பாஸ், திருட்டுத்தனமா வர்றவன் குழியைத் திறந்து போட்டுட்டு ஓடிடுவான். வயல் அம்மை வந்த மூஞ்சி மாதிரி இருக்கும். தோண்டின குப்பையையும் அங்கேயே வீசிட்டுப் போவான். இங்க பாருங்க, மூணு பக்கம் வெட்டி, மடக்கி, திருப்பி வெச்சு, குதிகாலால மிதிச்சிருக்கான். ஒரு வளையம் கூட வெளியே கிடக்கல."

"அப்படின்னா?"

"எங்க ஆளு. எங்க சங்கத்துல முதல் நாளே சொல்லிக் கொடுக்கறது இது. குழியை மூடு, குப்பையை எடுத்துட்டுப் போ. பத்து வருஷம் பண்ணினா கை தானா செய்யும். திருடப் போனாலும் செய்யும்."

சொல்லி முடித்தபோதுதான் அந்தச் சுருக்கு வில்ஃபின் கழுத்துக்கும் சரியாகப் பொருந்தும் என்று உறைத்தது. என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பாஸ் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் வாழ்க்கையில் டிடெக்டரைத் தொட்டவர் இல்லை. கார்லைலில் இருபது வருடம், தீப்பிடித்த கொட்டகைகளுக்கு இன்சூரன்ஸ் கேட்டு வந்தவர்களின் பொய்களைக் கேட்டவர். வேறு ஏதாவது கிடைத்ததா என்று ப்ரூவைக் கேட்டார். ப்ரூ ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினாள். உள்ளே ஒரு விரல் நீள இரும்புத் துண்டு. ஒரு பக்கம் கூராக இருந்தது. மறுபக்கம் சமீபத்தில் உடைந்திருந்தது, உடைந்த இடத்தில் மட்டும் துரு வேறு நிறம். குவித்த எலும்புக்கு அடியில் கிடந்ததாம். கத்தியோ என்னவோ, மீதி இல்லாமல் சொல்ல முடியாது என்றாள்.

"பத்தொம்போது குழி," என்றார் பாஸ் மெதுவாக. "பத்தொம்போது குழிக் குப்பை. எடுத்துட்டுப் போனவன் அதை எங்க போடுவான், ஜாண்டி?"

எனக்கு உடனே சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது கோபமாக மாறியது.

எங்கள் சங்கத்தில் நல்ல பொருள் எடுத்தவனுக்குப் பரிசு உண்டு. அதைவிட மதிப்பான பரிசு ஒன்றும் உண்டு: குப்பைக் கோப்பை. மாதம் முழுக்கத் தோண்டிய குப்பையை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, பெயரெழுதிக் கொண்டுவர வேண்டும். டப்பாவின் எடை அதிகமாக இருப்பவனுக்கு, தங்க நிறம் பூசிய ஒரு பழைய எனாமல் மூத்திரச் சட்டி ஒரு மாதத்துக்குச் சொந்தம். கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் ஆட்கள் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவன் மச்சானின் ஒர்க்ஷாப் இரும்பைக் கலந்து கொண்டுவந்து மாட்டிக்கொண்டான். அவனோடு இன்னும் யாரும் பேசுவதில்லை. அன்றிலிருந்து ஜெயித்தவன், எல்லாம் என் கையால் தோண்டியது என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"போன எடை எப்போ?" என்றார் பாஸ், வண்டியில் ஏறியதும்.

"போன வாரம் வியாழக்கிழமை. அந்தம்மா ஏலத்துக்குப் போன புதனுக்கு மறுநாள்."

"யார் ஜெயிச்சது?"

"ரோலண்ட் கிரிஸ்டேல். சங்கத்தோட பதிவாளர்." அதைச் சொல்லும்போதே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. "பாஸ், எடம் தெரிஞ்சவங்க மூணு பேர் இல்ல. நாலு பேர். யார் எதை எடுத்தாலும் அன்னிக்கே பதிவாளர்கிட்ட எடத்தைச் சொல்லணும். அது எங்க விதி. வில்ஃப் விதியை மீற மாட்டார்."

"வில்ஃபை நீக்கணும்னு தீர்மானம் கொண்டு வந்தது யாரு?"

அதுவும் ரோலண்ட்தான். ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தேன். ஹாரன் அலறி, அடுத்த வயலில் ஆடுகள் ஓடின.

ப்ரூ பிளாஸ்டிக் பையைக் கையை விட்டு இறக்க மாட்டேன் என்று கூடவே வந்தாள். ஜீனையும் டாஃபி டப்பாவோடு கூட்டத்துக்கு வரச்சொல்லிவிட்டார் பாஸ். வழியில் எனக்கு ஒரே உத்தரவுதான் கிடைத்தது.

"அவனுக்குக் கோபம் வரணும். உனக்கு அந்தத் திறமை இருக்கு. இன்னிக்கு உன் காலை மிதிக்க மாட்டேன்."

சங்கக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பேக்கன் சாண்ட்விச் வாசனை, ஈரக் கோட்டு வாசனை. ஓரமாக மாற்று மேசை. கூட்டத்துக்கு முன்னால் எல்லோரும் தங்கள் தட்டுகளை விரித்து, உன் மோதிரத்துக்கு என் காசு, உன் பொத்தானுக்கு என் கொக்கி என்று பண்டமாற்று செய்வது வழக்கம். கடைசி வரிசையில் வில்ஃப் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் நான்கு நாற்காலிகள் காலி. அவர் யாரையும் பார்க்கவில்லை.

ரோலண்ட் கிரிஸ்டேல் மாற்று மேசையில் நின்றிருந்தான். டை கட்டி, நோட்டைக் கக்கத்தில் வைத்து, ஒழுக்கத்தின் உருவமாக. அவன் தட்டில் ஏழு ரோமானிய வெள்ளிக் காசுகள் மின்னின. பதினொரு வருடமாக அந்தத் தட்டில் நான் பொத்தானைத் தவிர எதையும் பார்த்ததில்லை. அவனுக்குப் பின்னால் அலமாரியில் தங்கச் சட்டி. பக்கத்தில் அவன் பெயரெழுதிய ஐஸ்கிரீம் டப்பா.

நான் நேரே போய் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். மேலாகவே கிடந்தது ஒரு பெரிய இரும்பு. முழங்கை நீளம், முழுக்கத் துருக்கட்டி. எடை போட்ட அன்று ரோலண்ட் இதைத் தூக்கிக் காட்டிக் கேலி பேச, நாங்கள் எல்லோரும் சிரித்திருந்தோம். நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. எங்கள் கருவிகளில் இரும்பின் சத்தத்தை மட்டும் அமுக்கிவிடும் பொத்தான் உண்டு. இரும்பு என்றாலே எங்களுக்கு இளக்காரம்.

"ரோலண்ட்," என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "அன்னிக்கு நீ தூக்கிக் காட்டிச் சிரிச்ச இந்த இரும்பு மட்டும் அரைக்கிலோ வரும். இது இல்லன்னா நீ மூணாவது எடம். எந்தக் கொட்டகையில பொறுக்கின?"

பேச்சுச் சத்தம் நின்றது. ரோலண்டின் காது சிவந்தது. பதிவாளரிடம் இப்படிப் பேசுவது முறையல்ல என்றான். முறை தெரியாதவன்தான் நான் என்றேன். மச்சானின் ஒர்க்ஷாப்பா, மாமனாரின் தோட்டமா என்று கேட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அதுதான் அவனைச் சுட்டது.

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"கையெழுத்து எங்க வீட்டு நாய்கூடப் போடும், பாதத்தை மையில தொட்டு."

"ஒவ்வொரு துண்டும் நான் தோண்டினது," என்றான் ரோலண்ட். நோட்டைப் பிரித்து எல்லோருக்கும் காட்டினான். "ஸ்கெல்லிங் கரையில, என் சொந்த அனுமதி நிலத்துல. புதன்கிழமை மத்தியானம், பதிமூணாந்தேதி. எழுதியே வெச்சிருக்கேன். இதை எடுக்கும்போது மண்வெட்டி பட்டு முனை உடைஞ்சுது. என் கையில, என் கண்ணு முன்னாடி. போதுமா?"

"போதும்," என்றார் பாஸ்.

ப்ரூ முன்னால் வந்தாள். பையிலிருந்து விரல் நீளத் துண்டை எடுத்து, அந்தத் துருக்கட்டியின் நுனியில் வைத்தாள். இம்மியும் இடைவெளி இல்லாமல் பொருந்தியது. அவள் கையை எடுக்காமல், இந்த முனை எங்கே கிடைத்தது, எந்த எலும்புக்கு அடியில் கிடைத்தது என்று நிதானமாகச் சொன்னாள்.

ரோலண்ட் வாயைத் திறந்தான். வில்ஃப் தன் குப்பையைக் கொடுத்தார், எடைக்காகக் கலந்துகொண்டேன், கோப்பையில்தான் ஏமாற்றினேன் என்று ஆரம்பித்தான். ஒரு நிமிடத்துக்கு முன்னால் தானே பிரித்துக் காட்டிய நோட்டு இன்னும் அவன் கையில் விரிந்தபடி இருந்தது. அதைப் பார்த்தான். நிறுத்திக்கொண்டான்.

பாஸ் டப்பாவை மேசையில் கவிழ்த்தார். ஈயம், தோட்டாக்களின் அடிப்பாகம், வளையங்கள். அவற்றின் நடுவே கருகிய பித்தளைத் தகடுகள், எட்டு.

அதுவரை கதவருகே நின்றிருந்த ஜீன் டைசன் மேசைக்கு வந்தாள். தகடுகளைத்தான் முதலில் எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் அந்த இரும்பை எடுத்தாள். இரண்டு அலகு, நடுவில் வில்லாக ஒரு வளைவு. துருவுக்கு உள்ளே அந்த வடிவத்தை அவள் கை கண்டுகொண்டது. விரல்கள் தானாக வளைவைச் சுற்றி மடங்கின.

"இது ஆட்டு ரோமம் வெட்டற கத்தரி," என்றாள். "என் கொட்டகையில இதே மாதிரி ரெண்டு தொங்குது. வடிவம் கொஞ்சங்கூட மாறல." அப்புறம் ரோலண்டைப் பார்த்தாள். "அவளும் ஆடு வெச்சிருந்திருக்கா. என் எடத்துல. அவ கத்தரியைத்தான் நீ தூக்கிக் காட்டிச் சிரிச்சியா?"

ரோலண்ட் உட்கார்ந்துவிட்டான். பதினாலு வருடமாக அடுத்தவன் எடுத்ததை எழுதி எழுதியே கை ஓய்ந்துவிட்டது, தனக்கென்று ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது என்று தரையிடம் சொன்னான்.

எங்கள் மாற்று மேசையில் ஒரு மரியாதை உண்டு. இதற்கு என்ன கொடுத்தாய் என்று யாரையும் கேட்பதில்லை. பாஸ் அந்த ஏழு வெள்ளிக் காசுகளைக் காட்டி அதையே கேட்டார்.

ப்ரோச்சைக் கொடுத்தானாம். ஜோடியில் பாதி என்பதால் வைத்துக்கொள்ளப் பயம். யார்க்ஷயர் பக்கம் ஒரு சந்தையில், வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து மாற்றிக்கொண்டிருந்த ஒருவனிடம். டெர்ரி என்று மட்டும் தெரியும். போன் நம்பர் இருக்கிறது. ஆயிரம் வருடம் ஒருத்தியின் தோளில் இருந்ததை, கடையில் கிடைக்கும் ஏழு காசுக்கு மாற்றியிருக்கிறான். பாஸ் நம்பரைக் குறித்துக்கொண்டார். ப்ரூ போலீசுக்குப் போன் செய்ய வெளியே போனாள்.

ஜீன் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கோட்டின் ஓரத்தில் துடைத்து, டாஃபி டப்பாவில் போட்டாள். எட்டும் போட்டு முடித்தபிறகு கேட்டாள்.

"எலும்பை ஏன்யா அப்படிக் குவிச்சே?"

"குழியை மூடிட்டுத்தான் வந்தேன்," என்றான் ரோலண்ட். "புல்லை எல்லாம் ஒழுங்கா வெச்சேன். நான் எப்பவும் மூடிட்டுத்தான் வருவேன்."

அதை அவன் நல்ல பெயருக்காகச் சொன்னான் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். பாஸ் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

தீர்மானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நாற்பது பேரும் ஏதோ ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுப் போட வந்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெட்கம் கெட்டவர்கள் என்று சொல்ல நினைத்தேன். பதினொரு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்தவன், இந்த ஐந்து நாளில் நானும் வில்ஃபின் வீட்டுக் கதவைத் தட்டவில்லை என்று ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஜீன் கடைசி வரிசைக்குப் போனாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவளுக்கு வராது என்று ஊருக்கே தெரியும். கோட்டுப் பையிலிருந்து கீழ்மேய்ச்சல் கேட்டின் சாவியை எடுத்து வில்ஃபின் முன்னால் நீட்டினாள்.

வில்ஃப் சாவியைப் பார்த்தார். வாங்கவில்லை.

"இருபத்து மூணு வருஷம் ஜீன்," என்றார். சத்தமே இல்லாமல்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. "ஒரு தடவ உன் கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்கேனா? என்னை ஒரு வார்த்தை கேக்கல நீ. காசு கொடுத்துத் துப்பறிய ஆள் வெச்சே."

ஜீனின் கையில் சாவி நீட்டியபடியே இருந்தது.

வில்ஃப் எழுந்து, மாற்று மேசைக்கு வந்தார். கத்தரியையும் முனையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். முனை லேசாக நகர்ந்திருந்தது. ஒரு விரலால் அதைச் சரியாகச் சேர்த்து வைத்தார்.

"அவளைத் திரும்பப் புதைக்கும்போது இது அவ கைப் பக்கத்துல இருக்கணும். அன்னிக்கு வரேன். அவளுக்காக வரேன், உனக்காக இல்ல."

அவர் கதவைத் தாண்டும்வரை ஜீன் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இனிமே கேட்டைப் பூட்ட மாட்டேன், வில்ஃப்," என்றாள், அவர் போன கதவைப் பார்த்து.